ஏழாம் நம்பர் மலை

எங்கள் தோட்டத்தில் மலைகளுக்கு நம்பர் உண்டு. விடியற்காலைப் பெரட்டில் கங்காணி "இன்னிக்கு ஏழாம் நம்பர் மலை" என்று சொன்னால், கூடையும் தலைக்கயிறுமாக அறுபது பேர் ஒரே திசையில் நடப்பார்கள். ஆற்றோரமாகச் சமதரையில் கிடந்த ஒரு துண்டுத் தேயிலைக்கும் மலை என்றுதான் பேர். அது மூன்றாம் நம்பர். கவ்வாத்து வெட்டினால் கவ்வாத்து மலை, கொழுந்து எடுத்தால் கொழுந்து மலை. "அம்மா எங்கடா?" என்று யாராவது கேட்டால் "மலைக்குப் போயிருச்சு" என்போம். வேலை என்பதற்கு இன்னொரு சொல் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

தேயிலை முடிகிற இடத்துக்கு மேலே, கறுத்து எழும்பி நின்ற நிஜமான மலையை யாரும் மலை என்று சொன்னதில்லை. அது மேக்காடு. விறகுக்குப் போகிற இடம், பீலித் தண்ணீர் வருகிற இடம், பேய் இருக்கிற இடம். அதற்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று அப்பாயியிடம் ஒருமுறை கேட்டேன். "அப்பால என்னா இருக்கு, குளிருதான்" என்றாள்.

அந்தக் குளிருக்கு ஹோட்டன் சமவெளி என்று பெயர் இருப்பது உயர்தரத்தில் புவியியல் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இலங்கையின் மத்திய மலைநாட்டை நங்கூரத்துக்கு ஒப்பிடுவது பாடநூல் வழக்கம். வடக்குத் தெற்காக நிற்கும் தண்டில் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை, 2,524 மீற்றர். அடியில் கிழக்கு மேற்காக வளைந்த கை: மேற்கு நுனியில் சிவனொளிபாதமலை, நடுவில் கிரிகல்பொத்தையும் தொட்டுபொலகந்தையும், பிறகு ஒகியா, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, கிழக்கு நுனியில் நமுனுகுலை. ஏறத்தாழ 80 கிலோமீற்றர் நீளமான அந்தக் கைதான் தெற்கு மலைச்சுவர். எங்கள் வகுப்பில் நங்கூரத்தை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சுவர் என்றால் எல்லோருக்கும் புரிந்தது.

பிறகு நானே அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவன் ஆனேன். கரும்பலகையில் மலையை ஒரு முக்கோணமாக வரைந்து, இடப்பக்கம் மழைக்கோடுகள் போட்டு, வலப்பக்கம் வெறுமையாக விட்டு, 'மழை ஒதுக்கு' என்று எழுதினால் பாடம் முடியும். ஒரு வருடம் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், அந்தப் படத்துல நாங்க எங்க இருக்கோம்?" வெறுமையாக விட்ட பக்கத்தில் சோக்குக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் சுவர் எப்படித் தெரியும் என்று அதுவரை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா 3,160 ஹெக்டேயர். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே ஒரு புல்வெளி, அதன் பள்ளங்களிலும் விளிம்புகளிலும் குள்ளக் காடு. நாட்டின் இரண்டாவது உயரமான கிரிகல்பொத்தையும் (2,389 மீற்றர்) மூன்றாவதான தொட்டுபொலகந்தையும் (2,357 மீற்றர்) இதற்குள்தான். சிங்களத்தில் மகா எலிய. 1831 முதல் 1837 வரை ஆளுநராயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வேட்டைக்காரர்களின் சொர்க்கமாக இருந்து, 1960களில் ஒரு பகுதி உருளைக்கிழங்குத் தோட்டமாகி, 1969இல் சரணாலயமாகி, 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் சிவனொளிபாத வனத்தோடும் நக்கிள்ஸ் மலைகளோடும் சேர்த்து யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. ஆட்சிப்படி பூங்கா மத்திய மாகாணத்து நுவரெலியா மாவட்டம். அதன் கிழக்கு ஓரத்தில், ஒகியாவில், எங்கள் ஊவா மாகாணம் தொடங்குகிறது.

பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போனோம். வாசலில் வனசீவராசி உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து தண்ணீர்ப் போத்தல்களில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் லேபல்களை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தார்கள். மரை தின்றுவிடும் என்று. நல்ல காரியம். பணிஸ் சுற்றியிருந்த பொலித்தீனையும் வாங்கிக்கொண்டு பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார்கள். ஒரு மரையின் வயிற்றுக்காக இத்தனை கவனம் எடுக்கிற நாடு இது என்று அப்போது மனதில் ஒரு குறுகுறுப்பு. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர். முதலில் சின்ன உலக முடிவு, பிறகு பெரிய உலக முடிவு, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. காலை ஒன்பது, பத்து மணிக்கு முன் உலக முடிவுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பின் கீழேயிருந்து மூடுபனி ஏறி வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். நாங்கள் எட்டேகாலுக்கு நின்றோம். தரை அப்படியே அறுந்து, ஏறக்குறைய 880 மீற்றர் கீழே போகிறது. (4,000 அடி என்று சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு, பள்ளத்துக்கு வஞ்சகமில்லாமல் அளந்து கொடுப்பார்கள்.) எல்லோரும் தூரத்தில் தெற்குக் கடல் தெரிகிறதா என்று பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகள் நேர் கீழே பார்த்தார்கள். பச்சையில் கோடு கிழித்த பாதை, வெயிலில் பளிச்சிடும் நீளமான தகரம்.

"சேர், அது லயமா?"

லயம்தான், தோட்டத்து வரிசை வீடு. எத்தனை காம்பரா என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். கூரையின் நீளத்தை வைத்தே அவர்களால் சொல்ல முடியும். நம் வீடு தெரியுமா என்று ஒருத்தி கேட்டாள். தெரியாது, கீழே கிடப்பது சப்பிரகமுவ. எங்கள் பக்கம் கிழக்கே, சுவரின் தோளுக்குப் பின்னால். பக்கத்தில் நின்ற வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் உலகம் முடிகிறது என்று பலகை சொல்கிறது. பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் எட்டரை மணிக்குக் கொழுந்து நிறுக்கிற முதல் கூடை இறங்கியிருக்காது.

அந்தப் புல்வெளியில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. சிங்களத்தில் நெலு என்கிற செடி, பன்னிரண்டு ஆண்டளவில் ஒருதரம் கூட்டமாய்ப் பூத்து மடிவது, நம் குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்தது. நீலகிரியில் சோலையும் புல்வெளியும் மாறி மாறிக் கிடப்பதுபோலத்தான் இங்கேயும். பாறையும் அப்படியே. மலைச்சுவரில் பரவலாயிருக்கும் சார்னோக்கைட் என்ற பாறைக்கு அந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது: கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை 1893இல் தோமஸ் ஹொலண்ட் என்ற புவியியலாளர் ஆராய்ந்தார், அந்தக் கல் சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலைப் பாறை. ஐம்பது அறுபது கோடி ஆண்டுகளுக்கு முன் இலங்கையும் தென்னிந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் ஒன்றாயிருந்த நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் இவை. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் நடந்து வந்த எங்கள் ஆட்கள் கல்லுடைத்து ரோட்டுப் போட்டபோது, ஊர்க் கல்லின் ஒன்றுவிட்ட சகோதரத்தையே உடைத்தார்கள்.

இந்தச் சுவர் எப்படி எழும்பியது? 1929இல் கனடாவின் பிராங் டோசன் அடம்ஸ், இலங்கையின் நிலம் மூன்று படிகளாய் அமைந்திருப்பதாக எழுதினார்: கரையோரத் தாழ்நிலம், நடுப்படி, மேலே மலைநாடு. அரிப்பினால் உண்டான மூன்று சமநிலங்கள் என்பது அவர் கணக்கு. பிறகு வந்த டி. என். வாடியா, பாறைத் தொகுதிகள் பிளந்து மேலே தள்ளப்பட்டதால்தான் இப்படிச் செங்குத்தான விளிம்புகள் என்றார். அவருக்குப் பின் வந்தவர்கள் இரண்டையும் சந்தேகித்தார்கள். பரீட்சைக்கு மூன்றையும் எழுத வேண்டும். என் சார்பு எது என்று கேட்டால், ஒகியாவிலிருந்து கலுபஹனைக்கு இறங்கும் 'பிசாசின் படிக்கட்டு' என்ற பாதையில் ஒரு தடவை நடந்து பார்த்தவர்களுக்குப் படி என்ற சொல்லின் மேல் ஐயம் வராது. அந்தப் படியின் அடியில்தான் 263 மீற்றர் விழும் பம்பரகந்தை, நாட்டின் ஆக உயரமான நீர்வீழ்ச்சி.

ரயில்காரர்களுக்கு இந்தச் சுவர் வேறு விதமாய்த் தெரிந்தது. கொழும்பிலிருந்து ஏறி வரும் பாதை பட்டிப்பொலையைத் தாண்டி 6,200 அடிக்குச் சற்று மேலே உச்சம் தொட்டு, ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. நுழைகிற வாயில் மத்திய மாகாணம், வெளியேறுகிற வாயில் ஊவா. ஆடி மாதத்தில் அந்தச் சுரங்கத்தைக் கடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் கண்ணாடியில் மழை வழியும். ஒரு நிமிட இருட்டு. இந்தப் பக்கம் வெயிலும் வெளிறிய புல்லும். யன்னலைச் சாத்தியவர்கள் திறப்பார்கள். பாதை 1893இல் அப்புத்தளையையும் மறுவருடம் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆகிவிட்டது. தெமோதரையில் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு தன் அடியிலேயே நுழைந்துதான் இறங்க முடிந்தது.

இனி காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊவாவில் மலையை நாங்கள் அறிந்தது கண்ணால் அல்ல, காதாலும் தோலாலும்.

தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து சுவரின் மேற்குப் பக்கம் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மழையாகிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற மழை, பதுளையில் 2,000 கூட இல்லை. உலர்ந்த காற்று மட்டும் சுவரைத் தாண்டி, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, எல்ல இடைவெளிகளில் நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது சூடாகிறது. இதற்குப் பெயர் கச்சான். ஈழத்துக் கரையோரத்தில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு காற்று. மேற்கிலிருந்து வருவது கச்சான். (வறுத்த கடலைக்கும் அதே சொல். கோயில் திருவிழாவில் கச்சான் கேட்ட தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்குக் காற்று வாங்கித் தந்ததாகப் பகிடி பண்ணுவோம்.) உலகத்துத் தேயிலை வாணிபத்தில் புழங்கும் தமிழ்ச் சொற்கள் குறைவு, இது அதில் ஒன்று. இலண்டனிலும் தோக்கியோவிலும் தேநீர் உறிஞ்சிப் பார்க்கிறவர்கள் வாயில் கச்சான் என்கிற பெயர் வரும்.

ஆடி பிறக்கும் முன்பே எங்கள் லயத்தில் கல் ஏற்றுவார்கள். ஆற்றிலிருந்து இரண்டு கைக்கும் அடங்குகிற உருண்டைக் கற்களைக் கொண்டுவந்து தகரத்தின் மேல் வரிசையாக வைப்பது. ஆணி துருவேறிய இடத்தில் இரண்டு. போன வருடக் கல்லில் பாசி காய்ந்து ஒட்டியிருக்கும். இரவில் காற்று சுவரிலிருந்து விழுகிற சத்தம் தூரத்திலேயே கேட்கும்; முதலில் காடு இரையும், பிறகு சவுக்கு மரம், பிறகு தகரம். கல் அசைந்து 'டொக்' என்றால் அப்பா விழித்திருக்கிறார் என்று அர்த்தம், இருமுவார். காலையில் எல்லோர் உதடும் வெடித்திருக்கும். அம்மா தேங்காயெண்ணெய் தொட்டு எனக்குத் தடவிவிட்டு, மிச்சத்தைத் தன் உதட்டில் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போவாள்.

அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலை ஊவாத் தேயிலை ஆகிறது. பகலில் வறண்ட காற்று, இரவில் குளிர். செடி திணறுகிறது. வளர்வதை நிறுத்திக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும் சில பொருள்களை இலையில் சேர்க்கிறது. அதில் முக்கியமானது மெதைல் சலிசிலேற்று. தலைவலித் தைலத்தின் மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, கிட்டத்தட்ட அதுதான். ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை, சில வாரங்களுக்கு மட்டும், அப்புத்தளை, பண்டாரவளை, பசறைத் தொழிற்சாலைகளில் இந்த வாசம் ஏறிய தூள் வரும். கொழும்பில் 1883 முதல் நடக்கும் ஏலத்தில் அதற்கெனக் காத்திருக்கிற வாங்குநர்கள் உண்டு. தோமஸ் லிப்டன் 1890இல் இந்தப் பக்கம் தோட்டங்கள் வாங்கத் தொடங்கியதும் தம்பேதன்னையில் தொழிற்சாலை எழுப்பியதும் தெரிந்த கதை. அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் 1,970 மீற்றர் முனைக்கு இன்று முச்சக்கரவண்டி ஓடுகிறது.

ஆனால் கூடைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். செடி வளர்வதை நிறுத்தினால் கொழுந்து வராது. மழைக் காலத்தில் பத்து மணிக்குள் நிறைகிற கூடை, கச்சானில் மத்தியானமாகியும் அடியிலேயே கிடக்கும். நாட்சம்பளம் கிலோவில் தங்கியிருக்கிறது. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். பெயரையே பாதியாக வெட்டுகிற கணக்கு அது. ஏலத்தில் தூளுக்கு ஆகக் கூடிய விலை கிடைக்கிற அதே வாரங்களில்தான் அம்மாவின் சம்பளத் துண்டில் அரைப்பேர்கள் அதிகம். விலையேறிய தூள் எந்த மலையிலிருந்து போனதென்று அவளுக்குத் தெரியும். ஏழாம் நம்பர், ஏனென்றால் கச்சான் நேரே விழுவது அங்கேதான். அவள் அதைக் குறையாகச் சொன்னதில்லை. "ஆடிக்காத்துல கொழுந்து கசக்குனா கையெல்லாம் தைலவாசம் வரும்டா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். வேதியியல் புத்தகத்தில் நான் அதைப் படித்தது அதற்குப் பதினைந்து வருடம் கழித்து.

தேயிலை ஏன் மேக்காட்டின் விளிம்போடு நின்றது என்ற கேள்விக்கும் புத்தகத்தில்தான் விடை கிடைத்தது. முதலில் கோப்பி. 1869இல் ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலையில் துருநோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. நடுவே 1873இல், கியூ தாவரவியல் தோட்டப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டாமல் விடும்படி ஆலோசனை சொன்னார். தண்ணீர் அங்கிருந்து வருகிறது என்பது அவர் காட்டிய காரணம். அந்தக் கோட்டை மீறிய தோட்டங்கள் உண்டு. ஆனாலும் இன்றைக்கு ஹோட்டன் சமவெளியில் காடு என்று ஒன்று மிஞ்சியிருப்பதற்கு அந்த ஒரு வரி பெரிய காரணம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் அந்தப் புல்வெளியைச் சுற்றித்தான். ஒரே மேகத்திலிருந்து விழுந்த துளிகளில் ஒன்று திருகோணமலைக்கும் ஒன்று கொழும்புக்கும் ஒன்று அம்பலாந்தோட்டைக்கும் போகும். மலைச்சுவரின் ஊவாப் பக்கத்தில் கசிகிறதில் கொஞ்சம் எங்கள் பீலிக்கு வரும்.

காட்டைப் பூங்காவாக்கியவர்கள் கோட்டை உச்சியோடு நிறுத்திக்கொண்டார்கள். மலை அங்கே நிற்கவில்லை, அடிவாரம் வரை போகிறது. சுவரின் அடியில் காலங்காலமாக உருண்டு வந்த கல்லும் மண்ணும் ஒரு குவியலாய்ச் சாய்ந்து கிடக்கும். லயம் கட்டியவர்கள் தேடியது இரண்டு: சரிவு கொஞ்சம் குறைந்த துண்டு, பக்கத்தில் தண்ணீர். இரண்டும் சேர்ந்து கிடைப்பது பெரும்பாலும் அந்தக் குவியலின் மேல்தான். துரையின் பங்களா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் முனைப்பில், பாறையின் மேல்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் அந்தக் குவியல் இறங்கியது. பெரட்டு முடிந்திருந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தது. கடிதம் இருந்தது, வேறு இடம் இல்லை. 2023 மார்ச்சில் அதற்கு மேலே பூனாகலை, கபரகலையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. 2025 நவம்பர் டிட்வா புயலில் பதுளை மாவட்டம் முழுவதுமே சரிந்ததுபோல் இருந்தது. எந்த ரோட்டுக்கு எந்தப் பெயர் என்று ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை. உள்ளிருந்தும் மலை தன்னைக் காட்டியது. உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்தபோது பாறைக்குள் ஓடிய நீர் சுரங்கத்துக்குள் கொட்டியது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் ஊரே தெருவுக்கு வந்தது. 2024 ஏப்ரல் 24இல் 120 மெகாவாற்று நிலையத்தைத் திறந்துவைத்தார்கள். வற்றிய கிணறுகளைக் கணக்கிலெடுத்த புவியியல் வேறு, மின்சாரத்தைக் கணக்கிலெடுத்தது வேறு.

மண்சரிவுப் பாடத்தை நான் இப்போது வேறு விதமாக எடுக்கிறேன். கரும்பலகையில் முக்கோணம் போட்டுவிட்டு, வீட்டில் தாத்தா அப்பாயி இருப்பவர்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன்: தோட்டத்தில் எங்கே கான் வெட்டினார்கள், எந்தக் கான் எப்போது தூர்ந்தது என்று கேட்டு வரச் சொல்லி. மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறங்க விடாமல் சரிவின் குறுக்கே ஓட்டிக் கொண்டுபோய் ஓடையில் சேர்ப்பது கான். அந்தக் காலத்தில் வருடாவருடம் மண்வெட்டி பிடித்துத் துப்புரவாக்குவார்கள். ஆட்கள் குறைந்தபின் கான் வேலைதான் முதலில் நின்றது. பிள்ளைகள் கேட்டு வந்த பதில்கள் என்னைத் திகைக்க வைத்தன. ஊத்து இல்லாத இடத்தில் ஊத்துக் கிளம்பினால் அன்றிரவு அங்கே படுக்கக் கூடாது. பீலித் தண்ணீர் மழை இல்லாமலே கலங்கினால் மேலே மண் அசைந்துவிட்டது. தேயிலை வரிசை வளைந்தால் அடியில் தரை நகர்கிறது. நேர்நூல் பிடித்து நட்ட வரிசை தானாக வளையாது. கதவு திடீரென்று சாத்த முடியாமல் போனால் நிலையைச் செதுக்க வேண்டாம், சாமானைக் கட்டு. இவற்றில் பாதியை நான் பயிற்சிப் பட்டறைகளில் கேட்டிருக்கிறேன், திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு கான்வெட்டித் தாத்தா அதை முன்பே சொல்லியிருந்தார்.

அப்போதுதான் நம்பர்களைப் பற்றி யோசித்தேன். ஏழாம் நம்பர் மலை என்பது துரையின் பெயர். கம்பனி வரைபடத்தில் 7 என்று போட்டு எத்தனை ஹெக்டேயர், எந்த வருடத்துக் கன்று என்று எழுதியிருக்கும். ஆட்களிடம் அதற்கு இன்னொரு பெயர் இருந்தது: ஊத்துமலை. எண்பதுகளில் ஒரு மார்கழி இரவில் அதன் மேல்மூலை இறங்கி ஒரு ஏக்கர் தேயிலையைக் கொண்டுபோனது. ஆளுக்குச் சேதமில்லை. துரை காலையில் வந்து பார்த்து அதிசயப்பட்டாராம். கிழடுகட்டைகள் அதிசயப்படவில்லை. ஊத்துமலைதானே, இறங்கும். பெயரிலேயே தண்ணீர் இருந்தது, நம்பரில் இல்லை.

அப்படி ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயர். காற்று விழுகிற மலைக்கு ஒன்று, பாறைத் தட்டு உள்ளதற்கு ஒன்று, பனி முதலில் இறங்குகிறதற்கு ஒன்று, மின்னல் அடித்து ஒருத்தி செத்ததற்கு அவள் பெயர். ஊவா வடிநிலத்தின் மேற்பரப்பை இதைவிட நுணுக்கமாக எந்த நில அளவைத் திணைக்களத் தாளும் குறித்ததில்லை என்று நான் துணிந்து சொல்வேன். இந்தப் பெயர்கள் எந்தத் தாளிலும் இல்லை. தேயிலையைப் பிடுங்கிக் கறுவா வைத்த மலைகளில் பெயர் முதலில் போகிறது; சிறுதுண்டுகளாகப் பிரித்துக் கொடுத்த மலைகளில் இரண்டாவதாக; பிள்ளைகள் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போன லயங்களில் சத்தமில்லாமல்.

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்து வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோட்டத்து மலைகளின் நம்பரையும் ஆட்கள் சொன்ன பெயரையும், ஏன் அந்தப் பெயர் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஊத்து எங்கே, கான் எந்தப் பக்கம் ஓடியது, காற்று எங்கே முதலில் விழும் என்று பக்கத்தில் குறியுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். கேட்க வேண்டியவர்களிடம் இந்த மழைக்கு முன் கேளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் பதினொரு மலை. ஒன்பதின் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாம் நம்பருக்கும் பத்தாம் நம்பருக்கும் பெயர் தெரிந்த ஆள் இப்போது இல்லை.